கயிறு போட்டு மாட்டும் கண்ணாடி

சரக்கு வேனின் பக்கக் கண்ணாடி உடைந்தால் கல்கண்டு போல உதிர்ந்து கொட்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்த டஃபன்ட் கண்ணாடி அது. அளவுக்கு வெட்டவும் முடியாது. சென்னை என்றால் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ அதே மாடலுக்கு உரியதைத் தேடி வாங்க வேண்டும்.

பழைய வேன்களில் இது ரப்பர் பீடிங்கில் உட்காரும். அதை மாட்டுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. முதலில் ஜன்னலின் தகர விளிம்பில் துருவைத் தேய்த்துப் பெயின்ட் பூசுவார் மெக்கானிக். இதை விட்டால் மழைக்கு ஒழுகி உள்ளே அரிசி மூட்டை நனையும். கண்ணாடியைச் சுற்றி பீடிங்கைப் பூட்டி, அதன் வெளிப்பள்ளம் முழுக்க ஒரு கயிற்றைத் திணித்து, சோப்புத் தண்ணீர் தடவுவார். கயிற்றின் நுனி உள்ளே இருக்கும்படி கண்ணாடியை ஜன்னலில் வைத்து, வெளியே பையன் உள்ளங்கையால் அழுத்த, வண்டிக்குள்ளிருந்து இவர் கயிற்றை இழுப்பார். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி, விரல் விரலாகப் புரண்டு உட்காரும். மூலைகளில் மட்டும் நிதானம். அவசரப்பட்டால் உதடு கிழிந்துவிடும். பசை வைத்து ஒட்டும் புது வண்டிகளில் இந்த அழகு கிடையாது. கயிறு முழுதாகக் கைக்கு வந்ததும் வெளியே வாளித் தண்ணீரை வீசச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்து ஓரம் ஓரமாகப் பார்ப்பார்.