கண்கூச்சத்தைத் தவறவிடும் கணக்கு

ஓர் அறைக்குள் ஆண்டு முழுவதும் எவ்வளவு பகல் வெளிச்சம் விழும் என்பதைக் கட்டடம் எழும்பும் முன்பே கணினியில் கணித்துப் பார்ப்பது, வெறும் கண்ணாடிச் சாளரங்களைப் பொறுத்தவரை பெரிய சிக்கலில்லாத வேலை. ஆனால் சாளரத்தோடு கிடைப்பட்டைகளாலான வெனீசியன் பிளைண்டோ துளையிட்ட உலோகத் தகடோ சேர்ந்தவுடன், கதிர்கள் அவற்றில் பலமுறை பட்டுத் தெறித்து உள்ளே வருவதால் கணக்கு பன்மடங்கு கனத்துவிடுகிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிரெக் வார்டு உருவாக்கிய ரேடியன்ஸ் என்னும் மென்பொருள், பார்வைப் புள்ளியிலிருந்து ஒளி வந்த வழியே பின்னோக்கிக் கதிர்களைத் தொடர்கிறது. ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு நம்பத்தக்க விடை தரும் இதை, ஆண்டின் 8,760 மணிகளுக்கும் தனித்தனியே ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது.

இந்த முட்டுக்கட்டையை விலக்கியவை இரு கருத்துகள். வானத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் அறையின் ஒரு புள்ளிக்கு அளிக்கும் பங்கை ஒரே முறை கணித்து வைத்துக்கொண்டால், வானம் மாறும்போதெல்லாம் பெருக்கிக் கூட்டினாலே போதும் என்பதை 1983இல் ட்ரெகென்சாவும் வாட்டர்ஸும் முன்வைத்தனர். சாளர அமைப்பையே ஓர் எண் அட்டவணையாக, அதாவது அணியாக, எழுதும் வழியை 1994இல் கிளெம்ஸ் சூரிய வெப்ப வரவைக் கணிப்பதற்காக வகுத்தார். அதன்படி அரைக்கோளத் திசைகள் 145 துண்டுகளாகின்றன. வெளியே ஒரு துண்டிலிருந்து வரும் ஒளி உள்ளே எந்தெந்தத் துண்டுக்கு எவ்வளவாகப் பிரிகிறது என்பதை 21,025 எண்கள் சொல்லிவிடுகின்றன. வானிலிருந்து சாளரம் வரை, சாளரத்தின் ஊடே, சாளரத்திலிருந்து அறைக்குள் என ஒளியின் பயணத்தைப் பிரித்துக் கணிக்கும் மூன்று கட்ட முறை இவ்விரண்டின் மேல் எழுந்ததே. பட்டைகளின் சாய்வை மாற்றினால் நடு அணியை மட்டும் மாற்றினால் போதும் என்பதால், பல மாற்று வடிவங்களைச் சில நிமிடங்களில் ஒப்பிட முடிகிறது. வடிவமைப்பு இன்னும் வளைந்துகொடுக்கும் தொடக்க நிலையிலேயே கட்டடக் கலைஞரின் கையில் விடை கிடைப்பது உண்மையிலேயே பெரும் பேறு.

ஆயினும் இம்முறையின் குறை, அதன் வேகம் பிறந்த இடத்திலேயே பிறக்கிறது. சூரிய வட்டின் கோண அகலம் ஏறத்தாழ அரை பாகைதான். அணியின் ஒரு துண்டோ பத்துப் பாகைக்கும் மேல் அகன்றது. எனவே கூர்மையாகப் பாயும் வெயில் பல நூறு மடங்கு பரப்பில் நீர்த்துப்போகிறது. மேசையின் மேல் விழும் மொத்த ஒளியை லக்ஸில் அளப்பவருக்கு இது பெரிய பிழையாகத் தோன்றாது, ஏனெனில் பரவினாலும் ஆற்றலின் அளவு குறைவதில்லை. ஆனால் 2006இல் வீனோல்டும் கிறிஸ்டோஃபர்சனும் முன்வைத்த கண்கூச்சக் குறியீட்டில் ஒளிமூலத்தின் ஒளிர்வு இருபடியாக இடம்பெறுவதால், அதே ஒளியை நூறு மடங்கு பரப்பில் பரப்பினால் அம்மூலத்தின் பங்கு நூறில் ஒன்றாகச் சுருங்குகிறது. பட்டைகளின் இடுக்கு வழியே சூரியனை நேரே காணும் ஊழியர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்க, கணினியின் விடையில் அங்கே இதமான வெளிச்சமே இருக்கும். மேசையில் வரிவரியாக விழும் வெயிலும் நிழலும் அவ்வாறே கரைந்து ஒரு மங்கலான படலமாகிவிடுகின்றன.

ஐந்து கட்ட முறை இதைத் திருத்த முயல்கிறது. நேர் வெயிலின் பங்கை மட்டும் கழித்து, அதைப் பட்டைகளின் உண்மை வடிவத்தைக் கொண்டோ நுண்ணிய பகுப்புள்ள அட்டவணையைக் கொண்டோ மீண்டும் கணித்துச் சேர்க்கிறது. திருத்தம் சரியானதே, ஆனால் அதற்கு வேண்டிய நுண்தரவு எல்லா மறைப்புகளுக்கும் கிடைப்பதில்லை. அட்டவணை பெரும்பாலும் பழுதற்ற, புதிய, தூசு படியாத பொருளுக்கு உரியது என்பதையும் கருதினால், தசமப் புள்ளிக்குப் பின்னும் இலக்கங்களை அச்சிடும் அறிக்கைகள் தரவுக்கு இல்லாத துல்லியத்தை அதன் மேல் ஏற்றுகின்றன என்றே சொல்லவேண்டும்.

பட்டைகள் எப்போது மூடப்படும் என்பதையும் எந்த அணியும் சொல்வதில்லை. அது பயன்படுத்துவோரைப் பற்றிய ஊகம். ரென்சோ பியானோ வடிவமைத்து 2007இல் மன்ஹாட்டனில் நிறைவுற்ற நியூயார்க் டைம்ஸ் கட்டடத்துக்கு ரேடியன்ஸ் கணிப்புகள் இருந்தும், கட்டுமானத்துக்கு முன் ஒரு தளத்தின் மூலைப் பகுதியை முழு அளவில் மாதிரியாகக் கட்டி, பெர்க்லி ஆய்வகத்தினர் அதில் தானியங்கித் திரைகளை மாதக்கணக்கில் அளந்து பார்த்தனர். ஆண்டு வெளிச்சத்துக்கு மூன்று கட்ட முறையின் விடையையே நம்பலாம். கண்கூச்சத்தைப் பற்றிய கேள்விக்கு அதை மட்டும் சான்றாகக் காட்டும் அறிக்கையை ஏற்பது தகாது.