அதிரும் கைப்பட்டை போதுமா?

தருமபுரியில் நடந்த கல்லூரி மாணவர் அறிவியல் கண்காட்சி ஒன்றுக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். காது கேளாத தொழிலாளர்களுக்கென்று மாணவர் மூவர் செய்திருந்த ‘அறிவார்ந்த கைப்பட்டை’க்கு முதற்பரிசு கொடுத்தோம். ஆலைச் சங்கோ வண்டியின் ஹாரனோ ஒலித்தால் பட்டையிலுள்ள சிறு ஒலிவாங்கி அதை உணரும். உடனே ஒரு மோட்டார் சுழன்று மணிக்கட்டை அதிரச் செய்யும். நோக்கம் நல்லது, வேலைப்பாடும் நேர்த்தியானது. பரிசு கொடுத்தவனே குறை சொல்ல வருவதற்குக் காரணம் உண்டு.

கண்காட்சியைக் காண வந்தவர்களுள் பிறவியிலேயே காது கேளாத இளைஞர் ஒருவர் இருந்தார். இரும்புப் பட்டறையில் வேலை செய்பவர். அவர் கையில் பட்டையைக் கட்டிவிட்டு மாணவர்கள் பின்னாலிருந்து ஹாரனை அழுத்தினார்கள். பட்டை அதிர்ந்தது. அவர் இடப்புறம் பார்த்தார், வலப்புறம் பார்த்தார், கடைசியில்தான் பின்னால் திரும்பினார். பிறகு மேசைமேல் கிடந்த தாளில் இரண்டே சொற்கள் எழுதினார்: “எந்தப் பக்கம்?”

ஒலியியல் பாடம் நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று வெட்கமாயிருந்தது. நமக்கு இரண்டு காதுகள் இருப்பது எதற்காக? இடப்புறமிருந்து வரும் ஒலி இடக்காதை முதலில் அடைகிறது. வலக்காதை அடைய அதற்குப்பின் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே ஆகிறது. இந்த நுண்ணிய வேறுபாட்டைக்கொண்டே மூளை திசையை அறிகிறது. ஆகவே ஹாரன் சத்தம் நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது: ஆபத்து வருகிறது, இன்ன பக்கத்திலிருந்து வருகிறது. ஒற்றைக் கைப்பட்டை முதற்செய்தியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். திசை தேடுவதில் கழியும் ஒரு வினாடிக்குள் அது ஏறக்குறைய 2.8 மீட்டர் நெருங்கிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. அந்த இளைஞர் நாள் முழுதும் பிடித்திருப்பது இரும்பை அறுக்கும் கைக் கிரைண்டர். சிறிய கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுழலும். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 180. கைப்பட்டைகளிலும் கைப்பேசிகளிலும் உள்ள அதிர்வு மோட்டாரும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் சுழல்கிறது! கிரைண்டரின் அதிர்வில் பட்டையின் அதிர்வு கரைந்துபோகும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் நம் தோளைத் தட்டினால் தெரியுமா?

இந்தப் பிரச்சினை நம் பகுதிக்குப் புதிதன்று. 1980களின் பிற்பகுதியில் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கிய டைட்டன் கைக்கடிகார ஆலை, காது கேளாதோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்நாளில் ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது; 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. கடிகாரம் பூட்டுவது ஓரிடத்தில் அமர்ந்து கண்ணாலும் விரலாலும் செய்யும் வேலை. அங்கே காது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பட்டறைகளிலும் கிரானைட் அறுக்கும் கூடங்களிலும் நிலைமை வேறு. ஆனால் எச்சரிக்கை என்றாலே ஒலி என்று எண்ணும் வழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தீப்பிடித்தால் எல்லாத் தொழிலாளருக்கும் ‘தெளிவாகக் காதில் விழும்’ எச்சரிக்கை வேண்டும் என்றே முதலில் கூறியது. காதே கேளாதவரைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை போலும்.

என் குறை கைப்பட்டைமீது மட்டுமன்று. ஆபத்தை உண்டாக்குவது எந்திரம். அறிவை மட்டும் ஏன் தொழிலாளியின் உடம்பில் கட்டவேண்டும்? தகடு வெட்டும் பிரஸ்ஸைப் பாருங்கள். இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே சிக்காதிருக்க இந்த ஏற்பாடு. நல்லதுதான், ஆனால் ஒரு கை இழந்தவருக்கு அங்கே வேலை இல்லை. அதற்குப் பதில் ஒளித்திரை வைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வரிசையாகப் பாயும். எதையேனும் கை மறைத்தால் பிரஸ் நின்றுவிடும். கை வினாடிக்கு 2 மீட்டர் நகரும் என்றும், பிரஸ் நிற்க 0.2 வினாடி ஆகும் என்றும் கொண்டால், திரையைக் குறைந்தது 40 சென்டிமீட்டர் முன்னால் வைக்கவேண்டும். பிரஸ் ஒவ்வொரு சுழற்சியிலும் நடுவில் நிற்கக்கூடிய வகையாகவும் இருக்கவேண்டும். பழைய சாவி வகைப் பிரஸ் இறங்கத் தொடங்கிவிட்டால் நில்லாது. அதன்முன் ஒளித்திரை வெறும் அலங்காரமே.

ஃபோர்க்லிஃப்டுக்கும் இப்படியொரு வழி இருக்கிறது. வண்டிக்குச் சில மீட்டர் முன்னால் தரையில் நீல ஒளிப்பொட்டு விழும்படி விளக்குப் பொருத்துகிறார்கள். வண்டி வருமுன் பொட்டு வந்துவிடும், வரும் திசையும் தெரியும். காது கேட்பவருக்கும் இது உதவும். பட்டறை இரைச்சலில் நாமும் பாதிச் செவிடர்தாமே! வெயில் அடிக்கும் திறந்த முற்றத்தில் மட்டும் பொட்டு அவ்வளவு எடுபடாது.

மாணவர்கள் இப்போது இரு கைகளுக்கும் இரண்டு பட்டைகளாகச் செய்து பார்க்கிறார்கள். சோதித்துச் சொல்ல அந்த இளைஞரையே அழைத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும். இத்தனை நாள் பின்னால் வரும் வண்டியை எப்படி அறிந்தீர்கள் என்று எழுதிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே படம் வரைந்து காட்டினார். பழைய மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்றை, நாம் பாடத்தில் குவியாடி என்று சொல்வதை, தம் வேலை மேசைக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாராம்.