நாள் குறித்த விதியும் நாள் குறிக்காத விதியும்

உடன்படிக்கையையும் இலக்கியம் போலவே ஆய்ந்து படித்திடல் வேண்டும், தோழர்களே! சொன்னதைவிடச் சொல்லாது விட்டதே அதன் உள்ளத்தைக் காட்டும். 1968-இல் கையொப்பமிடப்பெற்று, 1970-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையைப் பாருங்கள்.

1967 சனவரி முதல் நாளுக்கு முன் அணுகுண்டு வெடித்த நாடே 'அணு ஆயுத நாடு' என்கிறது ஒன்பதாம் விதி. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்சு, சீனா ஆகிய ஐந்துக்கும் அத்தகுதியை அளித்தது அறமன்று, அறிவன்று, நாள்! நாள் பார்ப்போரைக் கண்டு நகைக்கிறோம்; வல்லரசுகளும் நாள் பார்த்தன்றோ உயர்வு தேடிக்கொண்டன!

குண்டில்லா நாடுகள் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பை ஏற்றிட வேண்டும். பேச்சுத் தொடங்கிய 18 மாதத்துக்குள் அவ்வொப்பந்தம் நடப்புக்கு வந்திட வேண்டும். இது மூன்றாம் விதி. குண்டுகளை ஒழித்திட 'நல்லெண்ணத்துடன்' பேசுக என்பது ஆறாம் விதி. எந்த ஆண்டுக்குள் ஒழிப்பது? விடை இல்லை!

பேசினால் போதாது, பேசி முடித்தலும் கடமையே என்று 1996-இல் அனைத்துலக நீதிமன்றம் உரைத்தது. ஆயினும் ஆயுதக் கிடங்குகள் காலியாகவில்லை.

பல நாடுகள் குண்டு செய்யாதிருக்க இவ்வுடன்படிக்கை துணை நின்றது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எளியோனுக்குக் கெடு, வலியோனுக்கு நல்லெண்ணம் என்பதா நீதி? கிழித்தெறியச் சொல்லவில்லை நாம். ஆறாம் விதிக்கும் ஒரு நாளை எழுதுக என்கிறோம்!