படம்: இணையம்

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடை. காவலூர் போகிற பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு காலேஜ் பையன், கையில் போன், போனில் ஒரு பாட்டு. பறை மாதிரி ஒரு அடி, அதன் மேல் சோம்பலாக ஒரு பெண் குரல். சினிமாப் பாட்டு இல்லை என்பது கேட்டதுமே தெரிந்தது. ஹீரோவுக்கு இடமே விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். திரையில் கறுப்பு மையில் வரைந்த ஒரு கிழவி. கோடு ஒவ்வொன்றும் பேசியது.

"யார் பாட்டு தம்பி?"

"தெரிலண்ணா. இன்ஸ்டால வந்துச்சு."

"படம் யாரு வரைஞ்சது?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். படம் என்றால் அதை யாரோ வரைந்திருப்பார்கள் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி போல. அதற்குள் விரல் தள்ளிவிட்டது. பாட்டி போய்விட்டாள், பாட்டும் போய்விட்டது. இப்போது ஒருவர் பரோட்டா வீசிக்கொண்டிருந்தார்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டோடு ஒரு பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்போம். படம், பாடியவர், இசை எல்லாம் எழுதினால்தான் கடைக்காரர் தேடி எடுப்பார். பேர் தெரியாவிட்டால் பாட்டு கிடையாது. வார இதழிலும் அப்படித்தான். கதைத் தலைப்புக்குக் கீழே எழுதியவர் பெயர், ஒரு ஓரமாக 'ஓவியம்' என்று போட்டு வரைந்தவர் பெயர். பார்த்துப் பார்த்து, பெயரை மறைத்தாலும் ஆளைச் சொல்லிவிடுவோம். சுஜாதாவின் கணேஷ் - வசந்த் என்றால் ஜெயராஜின் கோடு. சரித்திரக் கதை என்றால் மணியம் செல்வன். முறுக்கிக்கொண்டு நிற்கிற உடம்பு என்றால் டிராட்ஸ்கி மருது. நாங்கள் யாரும் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. நான் பி.காம்.!

அந்தப் பழக்கத்தில் நான் கடைசியாகப் 'பிடித்த' ஆள் எஸ்.இளையராஜா. நம் வீட்டுத் திண்ணையில், சமையல்கட்டில் நிற்கிற மாநிறப் பெண்கள், ஜன்னல் வழியாக அவர்கள் மேல் விழுகிற வெயில். அத்தனையும் எண்ணெய் வண்ணம். வார இதழ்களில் வந்தபோது அவர் பெயரோடு வந்தன. பிறகு வாட்ஸ்அப்புக்குப் போயின. 'என்ன அழகான போட்டோ' என்று எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். இசையமைப்பாளருக்கும் இவருக்கும் ஒரே பெயர் என்பதால், பெயரைச் சொன்னாலும் 'அவர் வரைவாரா?' என்று கேட்டவர்கள் உண்டு. 2021 ஜூனில் கொரோனாவில் இறந்துபோனார். நான் பார்த்த பலருக்கு அந்தச் செய்தியில்தான் அது போட்டோ இல்லை, ஒரு மனிதர் வரைந்தது என்பதே தெரிந்தது.

படத்துக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். அதே 2021-ல், மார்ச் 7-ம் தேதி 'மாஜா' வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன். அறிவு அரக்கோணத்துக்காரர், 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வரை ஆலங்காயத்துக்கும் அரக்கோணத்துக்கும் ஒரே கலெக்டர்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அவர் எடுத்த பாட்டு.

எனக்கு அதில் பிடித்தது கொண்டாட்டமும் ஒப்பாரியும் ஒரே தாளத்தில் நிற்பது. தீயின் குரல் அழவே அழாது, நம்மைத்தான் அழ வைக்கும். வீடியோதான் கொஞ்சம் அதிகமாக உடுத்திக்கொண்டது என்று நினைத்தேன். நிலமில்லாதவர் கதைக்கு இத்தனை அலங்காரமா? வீட்டில் சொன்னேன். "பாட்டியை ராணி மாதிரி உட்கார வைக்கிறதுதாங்க விஷயமே" என்றாள் மனைவி. மறுபடி பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

கோடிக்கணக்கில் பார்த்தார்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இருவரோடும் பாட்டு செய்த அறிவு இல்லை. பா.இரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகு, அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று அவர் ஒன்று எழுத, சந்தோஷ் நாராயணன் வேறு மாதிரி விளக்கம் தந்தார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்றார். கம்பெனி தன் தரப்பை வேறு விதமாகச் சொன்னது.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஜட்ஜ் இல்லை. ஆனால், கணக்குப் பாடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: டெபிட் எழுதினால் எதிரே கிரெடிட் எழுது. இல்லாவிட்டால் டேலி ஆகாது. உலகமே பாடிய பாட்டுக்கே இந்த நிலைமை என்றால், டீக்கடை போனில் வந்து போன அந்தப் பெண்ணுக்கு?

பஸ் வந்தது. நான் பார்க்கப் போனது காவலூர் வானாய்வகத்தை. 1988 பிப்ரவரியில் ஆர்.ராஜமோகன் இங்கிருந்துதான் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள், எண் 4130. இப்படிப்பட்டதைப் பிடிப்பது எப்படி தெரியுமா? வானத்தின் ஒரே துண்டை வேறு வேறு நேரத்தில் படமெடுத்து ஒப்பிட வேண்டும். எல்லாப் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒன்று மட்டும் நகர்ந்திருக்கும். பழைய புள்ளிகள் தெரியாதவனுக்குப் புதுசு கண்ணில் படாது. பிடித்தவர் யார், என்றைக்கு, எங்கிருந்து என்பதெல்லாம் பதிவாகும்.

வானத்துக் கல்லுக்கே இவ்வளவு மரியாதை!

சரி, என் கதை. சில வருஷம் முன்னால் ஒரு கட்டுரைக்கு, ஃபார்வர்டில் வந்த அருமையான ஓவியம் ஒன்றைக் கொடுத்தேன். யார் வரைந்தது என்று உதவி ஆசிரியர் கேட்டார். 'படம்: இணையம்'னு போட்டுடுங்க என்றேன். அடுத்த வாரம் ஒரு மெயில். நாலே வரி. "சார், அதை இணையம் வரையலை. நான் வரைஞ்சேன். மூணு ராத்திரி ஆச்சு. அம்மாகிட்ட பத்திரிகையைக் காட்டினேன், என் பேர் எங்கேன்னு கேட்டாங்க."

மன்னிப்புக் கேட்டேன், அடுத்த இதழில் பெயர் போட்டோம், சன்மானமும் போனது. ஆனால், அந்த அம்மா கேட்ட அன்றைக்குப் பெயர் இல்லையே.

இப்போது புதுப் பாட்டு பிடித்தால் ஆப்பில் மூன்று புள்ளியை அழுத்தி கிரெடிட்ஸைப் பார்க்கிறேன். எழுதியவர், இசை எல்லாம் இருக்கிறது. அட்டை வரைந்தவர் பெயரை, நான் தேடிய வரையில், அங்கே பார்க்கவில்லை. பாடியவரின் பக்கத்துக்குப் போய் யார் வரைந்தது என்று கேட்கிறேன். சந்தோஷமாகச் சொல்கிறார்கள். அப்படியே ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கிழவியை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. கறுப்பு மை, வலது காதில் மட்டும் தண்டட்டி, பின்னால் பறை அடி. உங்கள் போனிலும் வந்திருந்தால் எழுதுங்கள். பாடியது யார், வரைந்தது யார், இரண்டு பெயரும் வேண்டும்.