எலியின் ஈரலும் இயக்குநீரும்

ஈரல் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கே மிகுதியாக வருவது ஏன்? இவ்வினாவை ஆராய்ந்தவற்றுள், 2007ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் நாக்ளர், காரின் முதலியோர் வெளியிட்ட கட்டுரை புகழ் பெற்றது. அதன் நிறைகுறைகளை ஆசிரியர் அறிதல் நன்று.

பிறந்து 15 நாளான சுண்டெலிக் குட்டிகளுக்கு டையெத்தில்நைட்ரோசமின் என்னும் நச்சுப்பொருளை ஏற்றினர். ஆண் எலிகள் அனைத்துக்கும் புற்று கண்டது. பெண் எலிகளில் நூற்றுக்கு 10 முதல் 30 வரையே. காரணம் யாது? நஞ்சால் ஈரலணுக்கள் மடியும்போது, ஈரலின் காவலர்களாகிய குப்ஃபர் அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன. பெண்மை இயக்குநீராகிய ஈஸ்ட்ரோஜன் அச்சுரப்பை அடக்குகிறது. அப்பொருளே உண்டாகாதபடி செய்த எலிகளில் ஆண் பெண் வேறுபாடு மறைந்தது. ஊகத்தோடு நில்லாமல், காரணத்தையே நீக்கிப் பார்த்தமை இவ்வாய்வின் சிறப்பு.

ஆயினும், 'ஈஸ்ட்ரோஜன் காக்கும்' என்று இதனைச் சுருக்கிவிடுவது பிழை. 2012இல் 'செல்' இதழில் வந்த கேஸ்ட்னர் குழுவினரின் ஆய்வு, ஆண்மை இயக்குநீர் புற்றை ஊக்குவதையும் எடுத்துக்காட்டிற்று. மேலும், ஈரலணுவில் ஃபாக்ஸ்ஏ1, ஃபாக்ஸ்ஏ2 என்னும் இரு புரதங்கள் இல்லாவிடில் நிலைமை தலைகீழாகிப் பெண் எலிகளே மிகுதியாக நோயுற்றன. ஆகவே இயக்குநீர் தனித்து நின்று காப்பதுமில்லை; கெடுப்பதுமில்லை. அதன் ஏவலை நடத்தும் துணைகளையும் பொறுத்ததே விளைவு.

மற்றொன்று: எலிக்கு நேர்ந்தது குட்டிப் பருவத்தில் ஏற்றிய நஞ்சு. மனிதர்க்கோ, ஹெப்பாடிட்டிஸ் பி, சி நச்சுயிரிகளோ மதுவோ பல்லாண்டு ஈரலைப் புண்ணாக்கித் தழும்பேற்றிய பின்னரே பெரும்பாலும் புற்று தோன்றுகிறது. குடியும் புகையும் ஆண்களிடமே மிகுதி என்பதையும் மறத்தலாகாது. எலிக்கூண்டில் கண்ட கணக்கை அப்படியே வீட்டிற்குக் கொண்டுவருதல் தகாது.

இதை நான் வகுப்பில் சொன்னபோது, "அப்படியானால் அம்மாவுக்கு ஈரல் நோய் வராதா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அரைகுறையாய்ச் சொன்ன அறிவியல் செய்த தீங்கு அது, குற்றம் என்னுடையது. "வரும், அம்மா, ஆண்களைவிடக் குறைவாக வரும், அவ்வளவே" என்று திருத்தினேன்.

மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்பாடிட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அது ஆண் பெண் பார்ப்பதில்லை. நம் பாடமும் அங்ஙனமே இருத்தல் வேண்டும்.