சில்வர் காருக்குள் ஒரு தூள்

தண்டலத்தில் நெடுஞ்சாலையோரம் நின்றால், இருங்காட்டுக்கோட்டைப் பக்கமிருந்து டிரெய்லர்களில் புதுக் கார்கள் போகும். சில்வர் காரைக் கவனியுங்கள். நேராகப் பார்த்தால் பளீரென்றிருக்கும். டிரெய்லர் தாண்டியதும் அதே கதவு கறுத்துவிடும். பெயிண்டுக்குள் படுத்திருக்கும் அலுமினியத் தூளின் வேலை அது.

உருக்கிய அலுமினியத்தை மெல்லிய தாரையாக ஒழுகவிட்டு, வேகமான வாயுவால் அடித்துச் சிதறடிக்கிறார்கள். அந்தத் தூளை எஃகுக் குண்டுகள் உருளும் ஆலையில் போட்டு, ஸ்டியரிக் அமிலம் சேர்த்துத் தட்டையாக்குகிறார்கள். அமிலம் இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனுள்ள தகடுகள். பெயிண்ட் காயும்போது அத்தனையும் படுக்கைவசமாக அடங்கினால்தான் அந்தப் பளபளப்பு. சில நிமிர்ந்து நின்றாலும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இந்தத் தூள் சாதுவான சரக்கும் அல்ல. காற்றில் பறந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். சிவகாசிக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. மத்தாப்பின் வெள்ளைப் பொறியும் அலுமினியம்தானே! மதுரையை அடுத்த திருமங்கலத்தில் ‘மெப்கோ’ என்கிற மெட்டல் பவுடர் கம்பெனி இந்தத் தூளுக்கே பேர்போனது.

ரோட்டில் வெள்ளைக் கார்கள்தான் அதிகம். இருக்கட்டும், வேலைப்பாடு என்று பார்த்தால் என் ஓட்டு சில்வருக்குத்தான்.