கொல்லைக்காட்டுச் சொற்கள்

கொட்டாங்குச்சி என்று நெய்வேலிப் பக்கம் சொல்வது குமரியிலும் யாழ்ப்பாணத்திலும் சிரட்டை. பின்னிய தென்னை ஓலை ஈழத்தில் கிடுகு, கொங்கில் தடுக்கு, இங்கே கீத்து. கூரை வேய, அடுப்பெரிக்க, கட்டிவைக்க என்று வீட்டுக்குள் வந்த இயற்கைப் பொருள்களுக்கெல்லாம் வட்டாரந்தோறும் தனிப்பேர் உண்டு. அவற்றைத் திரட்டும் பணியில் நாம் தொட்டது கொஞ்சம், விட்டது நிறைய.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த தமிழ் லெக்சிகன் யாழ்ப்பாணம், திருநெல்வேலி முதலிய சில வட்டாரங்களைப் பெயர் சொல்லிக் காட்டியது. மற்றபடி ஏராளமான சொற்களுக்கு இடவழக்கு என்ற குறி மட்டும்தான். எந்த ஊர் என்று தெரியாது. அந்தக் குறையை ஈடுகட்ட வந்தவர்கள் கதை எழுதுகிறவர்கள். 1982இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும், 2000இல் பெருமாள்முருகன் கொங்குக்கும், 2007இல் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் சொல்லகராதி தந்தார்கள். விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லைக்காரர் குணசேகரன்; நெய்வேலியைச் சுற்றிய பேச்சுக்கு நமக்குக் கிடைத்த பெரிய ஆவணம் அவருடையதுதான்.

கொல்லை என்றால் தஞ்சாவூர்க்காரருக்கு வீட்டின் பின்புறம். இங்கே அது மானாவாரி நிலம், முந்திரித்தோப்பு. அந்தச் செம்மண் கொல்லைதான் வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் கொடுத்தது. முந்திரி மரத்தைக் கழித்தால் விழும் சிறுகிளை மிலாறு, பேச்சில் மெலாறு. அடியில் கூட்டி அள்ளுவது சருகு, செத்தை. மாட்டுச்சாணியைத் தட்டிக் காயவைத்தால் வறட்டி. தெற்கே போனால் எருமுட்டை.

பனை மட்டையை எடுத்துக்கொள்வோம். ஓரத்துப் பல் கருக்கு. கையைக் கிழித்துவிடும், முதலில் அதைச் சீவ வேண்டும். மட்டையைப் பிளந்தால் வெளித்தோல் புறணி, உள்பக்கம் அகணி. நாராகக் கிழித்து நீரில் ஊறவைத்தால் சொன்னபடி வளையும். கட்டியபின் காய்ந்து இறுகும். மரத்தில் மட்டையடியைச் சுற்றியிருக்கும் வலை பன்னாடை. கள், பதநீர் வடிகட்டவும் அடுப்புப் பற்றவைக்கவும் ஆகும். அகர வரிசை அகராதியில் அகணி ஒரு மூலை, புறணி வேறொரு மூலை. ஒரே மட்டையின் இரண்டு பக்கங்கள் என்பது படிப்பவருக்கு எப்படித் தெரியும்? மரப்பெயர், இடப்பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுத்த திவாகர நிகண்டின் முறையே இத்தகைய சொற்களுக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். வட்டார அகராதிகளின் அடுத்த பதிப்புகளாவது பனை, தென்னை, மண், நார் என்று பிரித்து வர வேண்டும்.

நெய்வேலியில் இந்தச் சொற்களைத் திரட்டுவது அவசரமான வேலை. 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. சுரங்கம் விரிய விரிய ஊர்களும் கொல்லைகளும் போயின. அந்த இடப்பெயர்வைத்தான் குணசேகரனின் ‘வந்தாரங்குடி’ நாவல் பேசுகிறது. சுரங்கம் தொடாத முந்திரியையும் பலாவையும் 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்துப் போட்டது. மரம் போனால் கழிக்க மெலாறு ஏது? சுரங்கமும் வீட்டுக்கு ஒரு பொருளைத் தந்ததுண்டு: நிலக்கரியைக் கட்டியாக்கி, சுட்டு, லெக்கோ என்ற பெயரில் அடுப்புக்கு விற்றார்கள். விறகுக்கு மாற்றாக வந்த அதுவும் எரிவாயு வந்தபின் மறைந்தது. லெக்கோவும் இந்த வட்டாரத்தின் சொல்தான். தொகுப்பில் அதற்கும் இடம் வேண்டும்.

2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, பயிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. இதே மாவட்டத்தில், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை இருக்கிறது. அதன் மாணவர்கள் சுரங்கம் நெருங்கும் ஊர்களுக்கும், முன்பே இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்புகளுக்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு போகலாம். கேள்வித்தாளை நீட்டினால் பாதிச் சொல்தான் வரும். நார் கிழிக்கும்போதும் கீத்து முடையும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக்காட்டிக் கேட்க வேண்டும். முதலில் எழுபது வயதைக் கடந்தவர்களிடம்.